நுண்ணறிவு வினாத்தாள்: புத்தகம் நிறைய இருக்கிறது, நேரம்தான் போதவில்லை

பனிமூட்டம் (பொகவந்தலாவை)

எல்லோருக்கும் வணக்கம். வெளிவாரியாகப் பட்டம் முடித்துவிட்டு வீட்டிலிருந்தே போட்டிப் பரீட்சைகளுக்குப் படிக்கிறேன். பொது அறிவில் பயமில்லை, சின்ன வயதிலிருந்தே பேப்பர் வாசிக்கிற பழக்கம் இருக்கிறது, கிரகித்தலும் எப்படியோ செய்துவிடுவேன். நுண்ணறிவு வினாத்தாளைக் கையில் எடுத்தால்தான் எல்லாம் குழம்புகிறது. ஆறுதலாக இருந்து செய்தால் முக்கால்வாசி சரியாக வரும், அதையே மணிக்கூட்டை வைத்துச் செய்தால் பாதியைத் தாண்டும்போதே நேரம் முடிந்துவிடும். கடைசிப் பத்துப் பதினைந்து கேள்விகளை வாசிக்கவே முடியாமல் போகிறது, அதில் எனக்குச் சுலபமானவையும் இருக்கும், அதுதான் மனதுக்குக் கஷ்டம்.

ஹட்டன் பக்கம் ஒரு ஞாயிறு வகுப்புக்குப் போனேன், யாருடையது என்று சொல்ல விரும்பவில்லை. மண்டபம் நிறையப் பிள்ளைகள், மைக்கில் விடையை மட்டும் வாசிப்பார்கள்: முதலாவதுக்கு மூன்று, இரண்டாவதுக்கு ஒன்று. ஏன் மூன்று என்று கேட்டால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார்கள். பஸ் காசு, வகுப்புக் காசு, டியூட் காசு எல்லாம் சேர்த்தால் அம்மாவிடம் கேட்க மனம் வரவில்லை, அவர் இன்னும் மலைக்குப் போய்க் கொழுந்தெடுத்துத்தான் எங்களைப் பார்க்கிறார்.

வகுப்பில்லாமல் இதைப் படிக்க முடியுமா? இந்தியாவில் இருந்து வருகிற தமிழ்ப் புத்தகங்கள் நமக்குச் சரிவருமா? போனில் மூளைப் பயிற்சி விளையாட்டுகள் இருக்கின்றனவே, அவை உதவுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மேட்டுலயம் (மஸ்கெலியா)

தங்கச்சி, ஒரே வழிதான் இருக்கிறது, வினாத்தாளுக்கு மேல் வினாத்தாள் செய்யுங்கள். கடந்தகால வினாத்தாள்கள் ஹட்டன், தலவாக்கலைப் புத்தகக் கடைகளில் கட்டாகக் கிடைக்கும். தினம் ஒன்று, காலையில் எழும்பியவுடன். கை பழகினால் வேகம் தானாக வரும். நான் முகாமைத்துவ உதவியாளர் பரீட்சைக்கு அப்படித்தான் படித்தேன், இப்போது வேலையில் இருக்கிறேன்.

ஊவா மாஸ்டர் (பண்டாரவளை)

மேட்டுலயம் தம்பி சொல்வதில் பாதியை நான் ஏற்கிறேன். நிறையச் செய்யத்தான் வேண்டும். ஆனால் தினம் ஒன்று செய்து, விடையைச் சரிபார்த்து, புள்ளியைக் கூட்டிவிட்டு மூடிவைத்தால் நேற்று விட்ட பிழையை இன்றைக்கும் விடுவோம், கொஞ்சம் வேகமாக விடுவோம், அவ்வளவுதான் வித்தியாசம். வினாத்தாள் செய்ய ஒரு மணித்தியாலம் எடுத்தால் பிழைத்த கேள்விகளோடு உட்கார இரண்டு மணித்தியாலம் வேண்டும். படிப்பு நடப்பது அந்த இரண்டு மணித்தியாலத்தில்தான் என்று என் மாணவர்களிடம் ஓயாமல் சொல்கிறேன், கேட்கிறவர்கள் குறைவு, கேட்கிறவர்கள் முன்னேறுவதைக் கண்ணால் பார்க்கிறேன்.

அதற்கென்று தனியாக ஒரு கொப்பி வையுங்கள் மகள். பிழைத்த கேள்வியை முழுதாக எழுதுங்கள், அதன் கீழே ஏன் பிழைத்தது என்று ஒரே வரி. முறையே தெரியாதா, முறை தெரிந்தும் கூட்டல் கழித்தலில் தடுக்கியதா, பொருந்தாததைக் கேட்டிருக்கப் பொருந்துவதைத் தேடினீர்களா, கடைசி நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு புள்ளடி போட்டதா. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. முறை தெரியாதவன் இன்னும் பத்து வினாத்தாள் செய்து பயனில்லை, அந்த ஒரு வகையை மட்டும் எடுத்துத் தெளிய வேண்டும். வாசிப்பில் தவறுகிறவர் கேள்வியின் கடைசிச் சொல்லின் கீழே பென்சிலால் கோடு போடப் பழக வேண்டும். கூட்டலில் தடுக்குகிறவர் 25 வரை வர்க்கமும் 10 வரை கனமும் மனதில் வைத்திருந்தால் பாதிச் சிக்கல் தீரும். இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள், உங்கள் பிழைகளில் பெரும்பகுதி ஒன்றிரண்டு காரணத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப விழுவது தெரியும்.

நேரத்தைப் பற்றி. 60 நிமிடத்தில் 50 கேள்வி என்று வைத்தால் ஒன்றுக்கு 72 செக்கன். ஆனால் எல்லாக் கேள்வியும் 72 செக்கன் கேட்காது. ஒப்புமை, பொருந்தாதது போன்றவை இருபது செக்கனில் முடியும், ஆட்களை வட்ட மேசையில் இருத்துகிற கேள்வி நாலு நிமிடம் கேட்கும். இரண்டுக்கும் கிடைக்கிற புள்ளி ஒன்றுதான். ஆகவே முதல் சுற்றில் பார்த்தவுடன் வழி தெரிகிறவற்றை மட்டும் செய்துகொண்டு கடைசிக் கேள்வி வரை போய்விடுங்கள். இரண்டாம் சுற்றில் வழி தெரியும் ஆனால் நேரம் எடுக்கும் என்று குறித்துவைத்தவை. மிச்சம் மூன்றாம் சுற்றுக்கு. கடைசிப் பதினைந்து கேள்வியை வாசிக்காமலே விடுகிற உங்கள் பிரச்சினைக்கு நான் சொல்லக்கூடிய நேரான பதில் இதுதான். விடைத்தாளில் இலக்கம் மாறிப் புள்ளடி விழாமல் மட்டும் கவனம், தாண்டிப் போகும்போது அது நடக்கும்.

சில்வர்மரம் (டயகம)

மாஸ்டர் சொல்வதெல்லாம் நல்லது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், நுண்ணறிவு என்பது பிறப்போடு வருவது இல்லையா? படித்து வருவதென்றால் அதற்கு ஏன் அந்தப் பெயர்? நகரத்துப் பிள்ளைகள் முன்பள்ளியில் இருந்தே புதிர், கட்டை, கணினி என்று வளர்கிறார்கள். நம் பிள்ளைகள் பிள்ளை மடுவத்தில் (வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற தோட்டத்துக் காப்பகம்) வளர்ந்து தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். போட்டிப் பரீட்சையில் அவர்களோடு ஒரே வரிசையில் நிற்கச் சொல்வது நியாயமா? எனக்கு இதில் உண்மையாகவே நம்பிக்கை போய்விட்டது.

கார்பெக் காற்று (கொட்டகலை)

சில்வர்மரம் அண்ணா, நீங்கள் கேட்டதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது, பிரித்துப் பார்ப்போம். வசதி சமமில்லை என்பது உண்மை, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்ததே 1970களில்தான், நாட்டின் மற்றப் பள்ளிகளை விட நாம் அவ்வளவு பிந்தித்தான் ஓட ஆரம்பித்தோம். ஆனால் பிறப்போடு வருவது, மாறாது என்ற பேச்சை ஏற்காதீர்கள். இந்த வகைச் சோதனையை முதலில் உருவாக்கியவரே அதை ஏற்கவில்லை. பிரான்சில் அல்பிரட் பினேயும் தியோடர் சிமோனும் 1905 இல் இதைச் செய்தது எந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்க. அறிவு ஒரே அளவில் நின்றுவிடுவது, கூட்டவே முடியாது என்று அந்தக் காலத்தில் சிலர் சொன்னபோது 1909 இல் பினே அதை எதிர்த்தே எழுதினார், பயிற்சியால் வளர்க்கலாம் என்பதுதான் அவர் கட்சி. பிறகு வந்தவர்கள்தான் மனிதரை வரிசைப்படுத்துகிற கருவியாக்கினார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். நியூசிலாந்தில் இருந்த ஜேம்ஸ் பிளின் 1980களில் பல நாடுகளின் பழைய புள்ளிகளை ஒப்பிட்டுப் பார்த்து, தலைமுறைக்குத் தலைமுறை இந்தச் சோதனைகளில் புள்ளி ஏறிக்கொண்டே வந்திருக்கிறது என்று காட்டினார். படங்களை வரிசையாக அடுக்கி விடுபட்டதைக் கண்டுபிடிக்கச் சொல்கிற கேள்விகள் இருக்கின்றன அல்லவா, ரேவன் 1938 இல் வெளியிட்ட சோதனையில் உள்ள மாதிரி, அவற்றில்தான் ஏற்றம் அதிகம். ஒரு தலைமுறைக்குள் மனிதரின் இரத்தம் மாறாது. மாறியது பள்ளிக்கூடம், சாப்பாடு, வாழ்கிற முறை. அப்படியென்றால் நமக்கும் மாறும்.

இந்தப் பரீட்சையில் கேட்பது ஒரு முப்பது நாற்பது வகைக் கேள்விகள். அவற்றைப் பழகியவருக்கும் முதல்முறை பார்க்கிறவருக்கும் இடையில் உள்ள தூரம் பெரியது, அந்தத் தூரத்தைக் குறைப்பதற்குக் கொழும்பில் பிறக்கத் தேவையில்லை. வேண்டியது கொஞ்சம் கடதாசியும், விளங்கப்படுத்த ஓர் ஆளும்.

சில்வர்மரம் (டயகம)

சரி, இதை நான் கேள்விப்பட்டதில்லை. தங்கச்சி மகனுக்கும் வாசித்துக் காட்டுகிறேன்.

கார்பெக் காற்று (கொட்டகலை)

பனிமூட்டம் கேட்ட மற்ற இரண்டுக்கும் பதில். மூளைப் பயிற்சி விளையாட்டை நம்பி நேரம் போக்க வேண்டாம். 2010 இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது, பதினோராயிரத்துக்கு மேற்பட்டவர்களை வாரக்கணக்கில் அப்படி விளையாட விட்டுப் பார்த்தார்கள். விளையாடிய விளையாட்டில் முன்னேறினார்கள், வேறு சோதனையில் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. பரீட்சையில் எது வருமோ அதைப் பழகினால்தான் அது வரும். பஸ்ஸில் போகும்போது பொழுதுபோக்குக்கு விளையாடுங்கள், படிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இந்தியப் புத்தகங்கள் முறையைப் படிக்க நல்லவை, படி படியாக விளக்குகிறார்கள். ஆனால் அவற்றில் வட்டி, இலாப நட்டம், வேலையும் நாட்களும் என்று கணக்குப் பக்கம் பாரம் கூட. எழுத்துக் குறியீட்டுக் கேள்விகளும் அநேகமாக ஆங்கில எழுத்தில். தமிழ்மொழி மூலம் எழுதுகிறவர் தமிழ் எழுத்தின் வரிசையை இலக்கத்தோடு பாடமாக்க வேண்டும், இதை நம் பக்கம் யாரும் செய்வதில்லை. க 1, ங 2, ச 3, ஞ 4, ட 5, ண 6, த 7, ந 8, ப 9, ம 10, ய 11, ர 12, ல 13, வ 14, ழ 15, ள 16, ற 17, ன 18. பலருக்கு ஒப்பிக்கத் தெரியும், வ எத்தனையாவது என்று திடீரென்று கேட்டால் முதலில் இருந்து விரல் மடிப்பார்கள். அந்த விரல் மடிப்பில்தான் நேரம் போகிறது. ஒரு பயிற்சி: கடல் என்பது 19, படம் என்பது 24 என்றால் மரம் எத்தனை?

பனிமூட்டம் (பொகவந்தலாவை)

க 1, ட 5, ல் 13, கூட்டினால் 19. படம் 9, 5, 10, அது 24. அப்படியென்றால் மரம் 10, 12, 10, மொத்தம் 32. சரியா அக்கா? உயிர்மெய்யோ மெய்யோ, புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

கார்பெக் காற்று (கொட்டகலை)

சரிதான். உதாரணத்தில் ல் க்கும் 13, அதனால் புள்ளியைப் பார்க்கவில்லை என்பது தெரிந்துவிடுகிறது. இப்படி உதாரணத்தில் இருந்தே விதியைப் பிடுங்கி எடுக்க வேண்டும், நாமாக ஒன்றை நினைத்துக்கொள்ளக் கூடாது.

தலவாக்கலை அம்மா

நான் பெரியவர்கள் பேச்சுக்கிடையில் வருகிறேன், மன்னியுங்கள். என் மகளுக்கு ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில். முதலாம் வினாத்தாள் முழுக்க நுண்ணறிவுதானே, 40 கேள்வி, ஒரு மணித்தியாலம். பக்கத்து வீட்டுப் பிள்ளை விடியற்காலையிலும் வகுப்பு, பின்னேரமும் வகுப்பு, சனி ஞாயிறும் வகுப்பு. என் மகள் பள்ளி விட்டு வந்தால் தம்பியையும் பார்க்க வேண்டும், நான் மலையில் இருந்து வர நாலரை ஆகும். 2024 இல் அந்த வினாத்தாளின் கேள்விகள் முன்கூட்டியே வெளியே போனது என்று பெரிய பிரச்சினை நடந்ததில் இருந்து, பரீட்சைக்கு முந்தைய நாள் வரை யாராவது ஊகக் கேள்வி என்று கடதாசி கொண்டுவந்து விற்பார்கள் போல இருக்கிறது. வாங்கினால் உதவுமா? பிள்ளைக்கு வீட்டில் என்னதான் சொல்லிக்கொடுப்பது? நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன்.

ஊவா மாஸ்டர் (பண்டாரவளை)

அம்மா, மன்னிப்பு எதற்கு, இது உங்கள் கேள்வியும்தான். ஊகக் கடதாசி வாங்காதீர்கள், அந்தக் காசுக்குப் பிள்ளைக்கு நல்ல கதைப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். முதலாம் வினாத்தாளில் பிள்ளைகள் தடுமாறுவதற்குப் பெரிய காரணம் கேள்வியை வாசித்து விளங்க முடியாமை. நீளமான ஒரு பந்தியைக் கொடுத்து அதிலிருந்து நாலைந்து கேள்வி கேட்டால் வாசிக்கிற பிள்ளை செய்யும், வாசிக்காத பிள்ளை எத்தனை வகுப்புக்குப் போனாலும் திணறும்.

எட்டாம் வகுப்பு போதும் அம்மா. நீங்கள் விடை சொல்லத் தேவையில்லை, மகளை விளக்கச் சொல்லுங்கள். எப்படி இந்த விடை வந்தது, அம்மாவுக்கு விளங்குகிற மாதிரிச் சொல் என்று கேளுங்கள். அவள் சொல்லிக்கொண்டு வரும்போது எங்கே தடுக்குகிறாளோ அதுதான் விளங்காத இடம், அதை அடுத்த நாள் பள்ளி ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். தினம் ஐந்து கேள்வி போதும். சமைக்கும்போது செய்யலாம். திசைக்குக் காலை வெயில் போதும்: காலையில் ஒருவர் நிற்கிறார், நிழல் இடது கைப் பக்கம் விழுகிறது, எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறார்? வாசலில் நிறுத்திப் பார்த்தாலே விடை வடக்கு என்று பிள்ளை தானே சொல்லும். கடதாசியை மடித்து ஓட்டை போட்டு, விரித்தால் எத்தனை ஓட்டை, எங்கெங்கே என்று கேட்கலாம். கண்ணாடியில் மணிக்கூட்டைக் காட்டி நேரம் கேட்கலாம், 3.40 கண்ணாடியில் 8.20 ஆகத் தெரியும்.

பத்து வயதுப் பிள்ளையை விடியற்காலை எழுப்பி வகுப்புக்கு அனுப்புவதை நான் ஆசிரியனாக இருந்தும் எதிர்க்கிறேன். தூங்காத பிள்ளை யோசிக்காது. வெட்டுப்புள்ளி கிடைத்தால் மகிழ்ச்சி, கிடைக்காவிட்டாலும் உங்கள் மகளுக்குச் சாதாரண தரமும் உயர்தரமும் முன்னால் இருக்கின்றன. பிள்ளைக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளியைப் பேச வேண்டாம், இதை மட்டும் கையெடுத்துக் கேட்கிறேன்.

தலவாக்கலை அம்மா

நன்றி சேர். நேற்று அவளை விளக்கச் சொல்லிக் கேட்டேன், அவளுக்கு டீச்சராக இருக்கிற சந்தோசம். கதைப் புத்தகமும் பார்க்கிறேன்.

மேட்டுலயம் (மஸ்கெலியா)

எண் தொடரைப் பற்றி யாரும் எழுதவில்லை, அது எனக்குப் பிடித்த பகுதி, நான் எழுதுகிறேன். முதலில் வித்தியாசம் எடுங்கள். 4, 7, 12, 19, 28 என்றால் வித்தியாசம் 3, 5, 7, 9, அடுத்தது 11, ஆகவே 39. வித்தியாசத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் வித்தியாசத்தின் வித்தியாசம். அதுவும் இல்லாவிட்டால் பெருக்கல். எண்கள் ஏறி இறங்கி ஆடினால் இரண்டு தொடரைப் பின்னி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்: 3, 40, 6, 36, 12, 32, 24, அடுத்தது? ஒன்றுவிட்டு ஒன்று பார்த்தால் 3, 6, 12, 24 ஒரு பக்கம், 40, 36, 32 மறுபக்கம், விடை 28. தொடர் நீளமாக இருந்தால் அநேகமாகப் பின்னல்தான்.

வாசிகசாலை (இராகலை)

இதில் ஒரு சேர்க்கை. முதல் மூன்று எண்ணைப் பார்த்துவிட்டு விதி கிடைத்துவிட்டது என்று ஓடாதீர்கள். 1, 2, 4 என்று வந்தால் அடுத்தது 8 ஆகவும் இருக்கலாம், 7 ஆகவும் இருக்கலாம், ஒன்று இரட்டிப்பது, மற்றது 1, 2, 3 என்று கூட்டுவது. கணிதத்தில் பேர்போன ஓர் உதாரணம் இருக்கிறது: ஒரு வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வைத்து எல்லாவற்றையும் கோட்டால் இணைத்தால் வட்டம் எத்தனை துண்டாகும்? புள்ளிகளைக் கவனமாக இடம்பார்த்து வைத்தால், ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளி கூடக்கூட 1, 2, 4, 8, 16 என்றே போகும், ஆறாவது புள்ளிக்கு 32 என்று சத்தியம் செய்வோம், ஆனால் ஆகக்கூடியது 31 தான். வரைந்து எண்ணிப் பாருங்கள், நான் வாசிகசாலைப் பிள்ளைகளோடு வரைந்து எண்ணினேன், அவர்கள் நம்பவே மறுத்தார்கள். ஆகவே தந்திருக்கிற எண்கள் எல்லாவற்றுக்கும் விதி பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டே விடையைத் தொடுங்கள். தெரிவுகளில் 7 உம் 8 உம் இரண்டுமே இருந்தால் நிச்சயமாகத் திரும்பிப் பாருங்கள்.

அப்புறம் தருக்கக் கேள்விகள். எங்கள் வாசிகசாலையில் அதிகம் அடிபடுவது இங்கேதான். காரணம், தெரிந்த உலகத்தை உள்ளே கொண்டுவருவது. எல்லாக் கொழுந்தெடுப்பவர்களும் உழைப்பாளிகள், சில உழைப்பாளிகள் பாடகர்கள், ஆகவே சில கொழுந்தெடுப்பவர்கள் பாடகர்கள். சரியா? நம் மலையில் பாடாத ஆள் யார் என்று சரி போட்டுவிடுகிறார்கள். ஆனால் தந்த இரண்டு வசனத்தில் இருந்து அது வராது. பாடுகிற உழைப்பாளிகள் எல்லோரும் கட்டடவேலை செய்கிறவர்களாக இருக்கலாம். வட்டம் போட்டால் விளங்கும்: உழைப்பாளிகள் பெரிய வட்டம், கொழுந்தெடுப்பவர்கள் அதற்குள் சின்ன வட்டம், பாடகர் வட்டம் பெரியதைத் தொட்டால் போதும், சின்னதைத் தொட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மறுபக்கம், எல்லா மரங்களும் தேயிலை, எல்லாத் தேயிலையும் நீலம், ஆகவே எல்லா மரங்களும் நீலம் என்றால் அது சரி. உலகத்தில் பொய்தான், ஆனால் கேட்டது உலகத்தைப் பற்றியல்ல.

உறவுமுறைக் கேள்விக்கும் இதுதான். நம் குடும்பங்களில் மாமா என்றால் அம்மாவின் தம்பியாகவும் இருப்பார், அத்தையின் கணவராகவும் இருப்பார், மாமனாராகவும் இருப்பார், மூன்றும் ஒரே ஆளாகவும் இருப்பார். கேள்வியில் அந்தக் கலப்பை வைத்து யோசித்தால் முடிச்சு விழும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கணவன் மனைவிக்கு இரட்டைக் கோடு, பிள்ளைக்குக் கீழே கோடு என்று வரைந்துவிடுங்கள். ஒரு பெண் ஓர் ஆணைக் காட்டி, இவருடைய தாய் என் தாயின் ஒரே மகள் என்றாள். அவர் அவளுக்கு யார்? தாயின் ஒரே மகள் அவளேதான். அவர் அவளுடைய மகன்.

பனிமூட்டம் (பொகவந்தலாவை)

வாசிகசாலை அண்ணா, சேர்ந்து படிக்கிறீர்கள் போல இருக்கிறது. எப்படி நடத்துகிறீர்கள்? எங்கள் டிவிசனிலும் நாலைந்து பேர் இருக்கிறோம், ஒருவருக்கொருவர் என்ன படிக்கிறோம் என்று சொல்லிக்கொள்வதே இல்லை.

வாசிகசாலை (இராகலை)

பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. ஞாயிறு பின்னேரம் தோட்டத்து வாசிகசாலையில் கூடுகிறோம், ஒரு வினாத்தாளைப் போனில் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, மணிக்கூட்டை நடுவில் வைத்து ஒன்றாகச் செய்கிறோம். பிறகு விடை பார்ப்பதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒருவர் எழும்பி ஏன் இந்த விடை என்று சொல்ல வேண்டும், மற்றவர்கள் எதிர்த்துக் கேட்க வேண்டும். இரண்டு பேர் இரண்டு விடையோடு சண்டை பிடிக்கிற கேள்வியில்தான் எல்லோரும் படிக்கிறோம். எல்லோரும் முடிவுக்கு வந்த பிறகுதான் விடைத்தாளைத் திறப்போம், சில வேளை கடையில் வாங்குகிற விடைத்தாளே பிழையாக இருக்கும், அதைக் கண்டுபிடிக்கிறபோது வருகிற தைரியம் தனி. கொழும்பில் கடை வேலைக்குப் போன இரண்டு பேர் இரவு ஒன்பதுக்குப் பிறகு போனில் சேர்ந்துகொள்கிறார்கள்.

ஒரு நிபந்தனை மட்டும் வைத்தோம்: யார் எவ்வளவு புள்ளி என்று கேட்பதில்லை. சொல்லிக்கொள்ளாமல் தனித்தனியாகப் படிப்பது போட்டிக்குப் பயந்துதான். நாடு முழுக்க எழுதுகிற பரீட்சையில் பக்கத்து லயத்துப் பிள்ளை உங்களுக்குப் போட்டி இல்லை, தங்கச்சி. நாலைந்து பேர் போதும், ஆரம்பியுங்கள்.

மேட்டுலயம் (மஸ்கெலியா)

நாட்காட்டிக் கேள்வி ஒன்றையும் கொடுத்துவிடுகிறேன், நிறையப் பேர் விடுகிற இடம். 2024 பெப்ரவரி 4 ஞாயிறு. 2025 பெப்ரவரி 4 என்ன கிழமை? சாதாரண வருடத்தில் ஒரு நாள் தள்ளும், நெட்டாண்டு குறுக்கே வந்தால் இரண்டு நாள். 2024 நெட்டாண்டு, அதன் பெப்ரவரி 29 இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் விழுகிறது, ஆகவே செவ்வாய். ஆனால் 2023 பெப்ரவரி 4 இல் இருந்து 2024 பெப்ரவரி 4 க்கு ஒரே நாள்தான், 29 ஆம் தேதி அப்போது இன்னும் வரவில்லை. வருடத்தைப் பார்க்காதீர்கள், அந்த 29 உள்ளே விழுகிறதா என்று பாருங்கள்.

மாஸ்டர் சொன்ன பிழைக் கொப்பியை என் தங்கைக்கு ஆரம்பித்துக் கொடுத்தேன், இப்போதுதான் அவளுக்கு எது வராது என்றே எங்களுக்குத் தெரிகிறது. வினாத்தாளும் செய்யட்டும், கொப்பியும் எழுதட்டும்.

கார்பெக் காற்று (கொட்டகலை)

படிப்புக்கு வெளியே சில விஷயம், இதில் சறுக்கி நல்ல பிள்ளைகள் மண்டபத்துக்கே போக முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். வர்த்தமானியை நீங்களே வாசியுங்கள், வெள்ளிக்கிழமைகளில் வரும், தமிழிலும் இருக்கும். எத்தனை வினாத்தாள், எவ்வளவு நேரம், வயதெல்லை எல்லாம் அதில் இருக்கிறது, யாரோ சொன்னார் என்று படிக்காதீர்கள். பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பார்களா என்பதை அதிலும் வினாத்தாளின் முதல் பக்கத்திலும் பாருங்கள், கழிக்காவிட்டால் ஒரு கேள்வியையும் வெறுமையாக விட வேண்டாம். எந்த மொழிமூலம் என்று விண்ணப்பத்தில் யோசித்துப் போடுங்கள், பிறகு மாற்ற விடமாட்டார்கள். அனுமதி அட்டை வந்தவுடன் கையொப்பத்தை உறுதிப்படுத்தி வையுங்கள், கடைசி நாள் சமாதான நீதவானைத் தேடி ஓட வேண்டாம். அடையாள அட்டையில் பெயர் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள், நம் பக்கம் எழுத்து மாறிக்கிடக்கிற அட்டைகள் எத்தனையோ. மழைக்காலத்தில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் பஸ் நிற்கும், மண்டபம் தூரம் என்றால் முதல் நாளே சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

பனிமூட்டம் (பொகவந்தலாவை)

எல்லோருக்கும் நன்றி. நாங்கள் ஐந்து பேர் சேர்ந்துவிட்டோம், முதல் ஞாயிறே ஒரு கேள்வியில் சண்டை, அதை இங்கே போடுகிறேன். ஒரு தாயக்கட்டையின் ஒரு தோற்றத்தில் 1, 2, 3 தெரிகிறது. அதே கட்டையின் இன்னொரு தோற்றத்தில் 1, 4, 5 தெரிகிறது. 1 க்கு எதிர்ப்பக்கம் எது? ஒருத்தி எதிர்ப்பக்கங்களைக் கூட்டினால் 7 வரும், ஆகவே 6 என்கிறாள். இன்னொருத்தி அந்தக் கூட்டல் எல்லாக் கட்டைக்கும் வராது, ஆகவே சொல்ல முடியாது என்கிறாள்.

ஊவா மாஸ்டர் (பண்டாரவளை)

முதலாமவள் விடை சரி, காரணம் பிழை. இரண்டாமவள் சொன்ன காரணம் சரி, முடிவு பிழை. கடையில் விற்கிற கட்டையில் எதிர்ப்பக்கங்கள் கூட்டினால் 7 வரும், பரீட்சையில் வருகிற கட்டை அப்படி இருக்க வேண்டியதில்லை, ஆகவே அந்த விதியைத் தொடவே வேண்டாம். ஒரே தோற்றத்தில் தெரிகிற மூன்று பக்கமும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருப்பவை, அவை எதிர்ப்பக்கமாக இருக்க முடியாது. முதல் தோற்றத்தில் 1 க்குப் பக்கத்தில் 2, 3. இரண்டாவதில் 4, 5. ஒரு பக்கத்தைச் சுற்றி நாலு பக்கம்தான் இருக்கும், நாலும் கிடைத்துவிட்டது. மிச்சம் 6, அதுதான் எதிரே.

இப்போது அதே கட்டையில் 2 க்கு எதிரே எது என்று உங்கள் ஐந்து பேரிடமும் கேட்கிறேன். 3 ஆக இருக்க முடியாது, 1 உம் 6 உம் ஆக இருக்க முடியாது. மிச்சம் 4 அல்லது 5. இரண்டு படத்திலும் எண்கள் எந்தச் சுற்றில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதையும் பார்த்தால் எது என்று சொல்ல முடியுமா, முடியாதா? ஞாயிறு ஒரு கிழங்கை வெட்டிக் கட்டை செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.